கண் படும் இடம்

ராஜபாளையத்துக்கு மேற்கே, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போனால் அய்யனார் கோவில். மேலே காட்டுக்குள் மழை கொட்டினால், கீழே வெயிலடிக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் இரைச்சல்தான் எச்சரிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே குளித்துக்கொண்டிருந்த சில பிள்ளைகளுக்கு அந்த இரைச்சல் கேட்காது. காது கேளாதோர் விடுதி ஒன்றிலிருந்து வேனில் வந்திருந்தார்கள்.

கூட வந்த டீச்சர் தேர்ந்தெடுத்து நின்ற இடத்தை இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். மற்றக் குடும்பங்களின் பெரியவர்கள் மரநிழலில் இருந்தபடி, "ஏலே, ஆழத்துக்குப் போகாத!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மா தண்ணீர் வரும் பக்கம் பார்த்த ஒரு பாறையில், உச்சிவெயிலில் நின்றார். எந்தப் பிள்ளை தலை தூக்கினாலும் அதன் கண்ணில் அவர் படுவார். அவர் திரும்பினால் எல்லாப் பிள்ளைகளும் அவர் கண்ணில் படுவார்கள். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து ஒரு வீசு வீசினார். பார்த்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தோளைத் தட்டியது, அது அடுத்ததைத் தட்டியது, அத்தனை முகமும் பாறைப் பக்கம் திரும்பிவிட்டது.

வேன் டிரைவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று ஒரு பையனோடு சைகையிலேயே வம்பளந்துகொண்டிருந்தார். பையன் ஏதோ பதில் சொல்ல, டிரைவர் தோற்றுப்போய் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. சைகை டீச்சருக்கு மட்டும் தெரிந்திருந்தால், மணியடித்ததும் பிள்ளையின் பேச்சும் நின்றுபோகும். டிரைவரும் சமையல்கார அக்காவும் வாட்ச்மேனும் நாலு வார்த்தை பழகிக்கொண்டால்தான், "குழம்பு உறைக்குது" என்று சொல்லவும் கோபித்துக்கொள்ளவும் பிள்ளைக்கு ஆள் கிடைக்கும்.

காது கேளாத பிள்ளைகள் புதிதாக வந்தவருக்குச் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள். கன்னத்து மச்சம், மூக்குக்கண்ணாடி, அடிக்கடி முந்தானையைச் சரிசெய்யும் பழக்கம் என்று எதுவும் பெயராகலாம். தனக்குத் தானே வைத்துக்கொள்ள முடியாது, அவர்களாகப் பார்த்துத் தர வேண்டும். அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் ஒரு வார்டன் விடுதிக்காரர் ஆகிறார்.

சைகை மொழி விஷயத்தில் விடுதிகளுக்குப் பெரிய கடன் பட்டிருக்கிறோம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வகுப்பில் வாய்ப்பேச்சே போதும், சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் உலகெங்கும் பள்ளிகள்மேல் வெகுகாலம் விழுந்தது. வகுப்பில் மறுக்கப்பட்ட மொழியை, படுக்கைகளுக்கு நடுவே பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்தக் காலத்துப் பள்ளி ஒன்று நம் தெற்கிலேயே இருக்கிறது; பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி 1890களிலிருந்து வருவது.

இதே மலைத்தொடரை ஒட்டித் தென்காசிச் சாலையில் போனால் ஆய்க்குடி. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம். அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல், பொறியியல் மாணவராக இருந்தபோது, பெங்களூரில் நடந்த கடற்படை அதிகாரித் தேர்வில் உயரத்திலிருந்து விழுந்தவர். கழுத்துக்குக் கீழே உடல் அசையவில்லை. ராணுவ மருத்துவமனையில் தனக்கு வைத்தியம் பார்த்த அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே வைத்து, 1981இல் சொந்த ஊரில் சங்கத்தைத் தொடங்கினார். 1992இல் சங்கர ராமன் வந்து சேர்ந்தார். பட்டயக் கணக்காளர், தசைச் சிதைவால் சக்கர நாற்காலியில் இருப்பவர். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதைவிட எனக்கு அருமையாகப் படுவது வேறு. பார்த்துக்கொள்பவர் ஒரு பக்கம், பார்த்துக்கொள்ளப்படுபவர் மறுபக்கம் என்று கோடு கிழிக்க அந்த வளாகத்தில் வழியே இல்லாமல் போனது. நிர்வாகம் செய்பவருக்கே காலையில் எழ இன்னொருவர் கை வேண்டும். அங்குள்ள சிவ சரஸ்வதி வித்யாலயாவில் நடக்கும் பிள்ளையும் நடக்க முடியாத பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்.

இந்த மாதிரி விடுதிகளில் கைப்பழக்கமுள்ள அண்ணனோ அக்காவோ ஒரு பிள்ளையை நாற்காலிக்கு மாற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் பிரேக் போடுவார், கால்தாங்கியை மடக்குவார், பிள்ளையின் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து, "தூக்கட்டுமா தம்பி?" என்பார். பிள்ளை தலையாட்டும்வரை கை போகாது. நாளில் பத்துத் தடவை தூக்கினாலும் பத்துத் தடவையும் கேட்பார்.

ராத்திரி வேலை இன்னும் நுட்பமானது. தண்டுவடம் அடிபட்டவர்களை வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்வார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூடத் தோல் புண்ணாகலாம். படுத்திருப்பவருக்கு உணர்ச்சி இல்லாததால் உறுத்துவது தெரியாது. அதனால் புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பழைய அக்கா முதலில் சொல்லிக்கொடுப்பது, உடம்புக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துத் துணியை நீவிப் பார்ப்பது எப்படி என்பதைத்தான்.