களஞ்சியத்தின் திகதியை யார் பார்க்கிறார்கள்?

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் சுங்க அனுமதி பெற்றுக்கொடுக்கும் சிறு அலுவலகங்கள் நிறைய. காலை எட்டரைக்கே அங்கே வேலை சூடுபிடித்துவிடும். வார்ஃப் கிளார்க் சுங்கத் திணைக்களத்தின் அசைகுடா கணினி அமைப்பில் கஸ்டெக் என்ற சுங்கப் பிரகடனப் பத்திரத்தை ஏற்றியாக வேண்டும். பிந்தினால் கொள்கலன் துறைமுகத்திலேயே கிடக்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அந்த நேரம் பார்த்து ‘அப்டேட் நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம்’ என்று விண்டோஸ் திரையை மறைத்துக்கொண்டால், அப்டேட்டே வேண்டாம், நிறுத்து என்றுதான் முதலாளி சொல்வார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே இணைப்பில் இருக்கும் இருபது கணினிகள் ஒரே கோப்பை இருபது தடவை இறக்கினால், மாதத்துக்கு வாங்கிய டேட்டா பாதி மாதத்திலேயே தீர்ந்துபோகிறது.

இதற்கு நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் நல்ல வழி, உள்ளூரில் ஒரு பிரதிக் களஞ்சியம் வைப்பது. மென்பொருளை வெளியிடுபவர்கள் புதிய பதிப்புகளை அடுக்கிவைக்கும் தாய்க் களஞ்சியத்தை ஒரு சேர்வரில் படியெடுத்து, நாள்தோறும் ஒத்திசைத்து, வலையமைப்பில் உள்ள மற்ற எல்லாக் கணினிகளும் அந்தச் சேர்வரிடமே அப்டேட் கேட்கும்படி செய்வார்கள். லினக்ஸ்காரர்கள் இதை மிரர் என்பார்கள். விண்டோஸ் பக்கம் 2005 முதல் டபிள்யூசஸ் என்ற சேவை இதே வேலையைச் செய்துவருகிறது. நம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களின் பிரதிகளை இலங்கையிலேயே வைத்திருக்கிறது. கடலடி கேபிளைக் கடக்காமல் ஒரு மாணவருக்கு மென்பொருள் கிடைப்பது சிறிய விடயமல்ல.

டேட்டா மிச்சப்படுவதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய நன்மையாக நான் கருதுவது, எந்த அப்டேட் எப்போது உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அலுவலகத்தின் கைக்கு வருவதைத்தான். இரண்டு கணினிகளில் முதலில் போட்டுப் பார்த்து, அசைகுடா ஓடுகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு மற்றவற்றுக்குத் திறந்துவிடலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அந்த வகைக் கோப்புகளை வாடிக்கையாளர் தன் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சோதிக்க அப்போது வழி இருக்கவில்லை. வெளியானதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ ஒளித்துவைத்த பின்கதவை அன்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் சோதனைக் கிளைகள்வரை வந்திருந்த அந்தப் பதிப்பு நிலையான கிளையை எட்டியிருக்கவில்லை. அங்கே நிதானம் ஆயிரக்கணக்கான சேர்வர்களைக் காப்பாற்றியது.

ஆனால் நிதானம் வேறு, கவனிப்பாரில்லாமல் பிந்துவது வேறு. வானாகிரை என்ற ரன்சம்வெயார் பரவியது 2017 மே 12 அன்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் இருந்த இரண்டு மாதங்களில் பாதிக்கப்பட்ட எத்தனை அலுவலகங்களில் ‘இதைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்திருப்பார்? டபிள்யூசஸில் அனுமதிக்காகக் காத்திருக்கும் அப்டேட்டுகள் நூற்றுக்கணக்கில் தேங்குவது, வலையமைப்பு நிர்வாகம் பார்த்த எவருக்கும் பழகிய காட்சி. தாமதிக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்ட அலுவலகம், தீர்மானிக்கும் ஆளை நியமிக்க மறந்துவிடுகிறது.

ஒத்திசைவு எப்படிக் கெடுகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பொதிகள், மற்றது எந்தப் பொதி எந்தப் பதிப்பில் இருக்கிறது, அதைச் சரிபார்க்கும் ஹாஷ் என்ன என்று சொல்லும் அட்டவணை. முதலில் பொதிகளை இறக்கிவிட்டுக் கடைசியில்தான் அட்டவணையை மாற்ற வேண்டும், பழைய பொதிகளை அதற்கும் பிறகே அழிக்க வேண்டும். இந்த ஒழுங்கு பிசகி, நடுவில் மின்சாரமும் போனால், அட்டவணை புதிதாகவும் பொதிகள் பழையனவாகவும் நிற்கும். அட்டவணை சொல்லும் பொதி கிடைக்கவில்லை என்று கணினிகள் கத்தும். இந்தப் பிழை எரிச்சலூட்டினாலும் நல்லது, ஏனென்றால் யாரோ ஒருவர் எழுந்து போய்ப் பார்ப்பார்.

ஆபத்தானது சத்தமே போடாத பிழை. நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டா மலிவு அல்லது இலவசம் என்பதால் ஒத்திசைவை இரவு ஒரு மணிக்கு ஓட வைப்பார்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம். அதற்குப் பிறகு மாலையில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டும் அலுவலகங்களை இந்தப் பகுதியில் நான் கண்டிருக்கிறேன். இரவு ஒரு மணிக்குச் சேர்வரே விழித்திருக்காது. காலையில் கிளார்க் லினக்ஸ் கணினியைத் திறப்பார், அதன் அப்டேட் கட்டளையான ஆப்ட் பிரதியின் அட்டவணையைப் படித்துவிட்டு ‘எல்லாப் பொதிகளும் புதியனவே’ என்று சொல்லும். பொய் சொல்லவில்லை, பிரதியில் உள்ளதைத்தான் சொல்கிறது. பிரதியே மூன்று மாதம் பழையது என்பது அந்த வரியில் எங்கும் தெரியாது. பிரதி வைக்காத அலுவலகத்துக்குத் தன் கணினிகள் பழையவை என்றாவது தெரிந்திருக்கும். பழுதான பிரதி வைத்த அலுவலகம் தன்னைப் பத்திரமானது என்று நம்பிக்கொண்டிருக்கும். இந்த முறையில் நான் காணும் மிகப் பெரிய குறை இதுவே.

ஒரு பிரதியைத் தெரிந்தே பழையதாக வைத்து ஏமாற்றவும் முடியும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் காப்போஸ் குழுவினர் 2008 இல், இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் சேர்வர் அமைத்து, அதைப் பல லினக்ஸ் விநியோகங்களின் அதிகாரபூர்வ மிரர் பட்டியல்களில் சேர்த்துக் காட்டினார்கள். பொதிகளில் கைவைக்கவே தேவையில்லை. பழைய அட்டவணையையே தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால் போதும், அதன் கையொப்பமும் செல்லும். அதனால்தான் டெபியனின் பாதுகாப்புக் களஞ்சிய அட்டவணையில் காலாவதித் திகதி இருக்கிறது. அந்தக் களஞ்சியத்தைப் பிறர் மிரர் செய்வதையும் டெபியன் ஊக்குவிப்பதில்லை. உபுண்டுவும் வழக்கமான கணினிகளில் பாதுகாப்பு அப்டேட்டுக்கான வரியைத் தனியாகத் தன் சொந்தச் சேர்வரை நோக்கியே வைத்துத் தருகிறது. வேகத்துக்கு ஆசைப்பட்டு நம்மவர்கள் அந்த வரியையும் உள்ளூர்ப் பிரதிக்குத் திருப்பிவிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

எல்லோரும் நம்பும் ஒரே வாசல் என்பதால் களஞ்சியமே தாக்குதலுக்கு இலக்காகவும் ஆகிறது. 2017 ஜூனில் நொட்பெட்யா என்ற நச்சுநிரல், உக்ரைனின் எம்.இ.டொக் என்ற கணக்கியல் மென்பொருளின் அப்டேட் சேர்வர் வழியாகத்தான் கிளம்பியது. மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கி, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம்வரை அது வந்தது. துறைமுகத்தை நம்பிச் சோறு உண்ணும் ஊருக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. 2025 ஒக்டோபரில் டபிள்யூசஸிலேயே பாரிய ஓட்டை வெளிப்பட்டு, மைக்ரோசொப்ட் வழமையான நாளுக்குக் காத்திராமல் அவசர அப்டேட் வெளியிட்டது. அந்தச் சேவைக்கு இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்போவதில்லை என்று அதற்கு முந்திய ஆண்டே அறிவித்திருந்தார்கள்.

ஒத்திசைவு எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் தீராத பிரச்சினையும் உண்டு. 2023 ஓகஸ்ட் 26 அன்று நமது அரசாங்கத்தின் கிளவுட் சேவையை ரன்சம்வெயார் தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன, மே 17 முதல் அன்றுவரையான தரவு இழக்கப்பட்டது. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரல் 11 உடனேயே முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதலே எண்ணியிருந்தும் நிதிப் பற்றாக்குறையும் முன்னைய நிர்வாகத் தீர்மானங்களும் தடுத்தன என்று தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கியது. வெளியிடுபவரே கைவிட்ட மென்பொருளுக்கு எந்தப் பிரதியும் எதையும் கொண்டுவந்து தராது. அங்கே தேவைப்பட்டது வரவுசெலவுத் திட்டத்தில் உரிய காலத்தில் ஒரு வரி.

ஆகவே இருபது, முப்பது கணினிகள் உள்ள முகத்துவாரத்து அலுவலகத்துக்கு முழுப் பிரதி வேண்டாம் என்பதே என் முடிவு. உபுண்டுவின் முழுக் களஞ்சியம் ஒரு டெராபைட்டைத் தாண்டும். அதில் பெரும்பகுதியை இங்கே ஒருவரும் தொடப்போவதில்லை. ஆப்ட்-கேச்சர் போன்ற இடைச்சேமிப்பு போதும். முதற் கணினி கேட்கும்போது ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு அதையே கொடுக்கும், அட்டவணை புதியதா என்று தாய்க் களஞ்சியத்திடம் கேட்டுக்கொள்ளும். விண்டோஸ் 10, 11 இல் பக்கத்துக் கணினியிடமிருந்தே அப்டேட்டை எடுத்துக்கொள்ளும் வசதி கூடவே வருகிறது, திறந்துவிட்டால் போதும். நேரத்தை மதிய உணவு வேளைக்கு மாற்றலாம், அப்போது மின்சாரமும் இருக்கும், ஆளும் இருக்கும். பல்கலைக்கழகம், வைத்தியசாலை, வங்கி போன்ற பெரிய வலையமைப்புகளுக்கு முழுப் பிரதி தேவைதான். அங்கே களஞ்சிய அட்டவணையின் திகதியைத் திங்கள்தோறும் பார்த்துக் கையொப்பமிட ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கஸ்டெக் ஏற்றும் மேசைகளில் அந்தக் கணினிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றை மாற்றுவதா, லினக்ஸுக்குப் போவதா, நீடித்த ஆதரவைப் பெறுவதா என்று முதலாளிமார் இந்த ஆண்டுக் கணக்கிலேயே எழுதிவைக்க வேண்டும்.