மின்னணு இசையும் மானிடக் குரலும்: ‘வாக்ஸ் ஹியூமானா’ இசைத்தட்டு குறித்து ஒரு திறனாய்வு

இயந்திரத்தின் ஒலி இறைவழிபாட்டிற்கு உகந்ததாகுமா என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. ஆலய இசையின் மாண்புக்கு அடையாளமாக இன்று நாம் மதிக்கும் குழாய் ஆர்கனும் ஒரு காலத்தில் இந்த ஐயத்திற்கு உட்பட்டதே. சுவிங்கிலியின் சீர்திருத்தத்தை ஏற்ற சூரிச் நகரின் பேராலயத்திலிருந்து 1527-இல் ஆர்கன் அகற்றப்பட்டது. இவ்வரலாற்றை நினைவில் நிறுத்தியே, ‘டேனியல் ஏமோஸ்’ என்னும் அமெரிக்க இசைக்குழு 1984-இல் வெளியிட்ட ‘வாக்ஸ் ஹியூமானா’ என்னும் இசைத்தட்டை அணுக விழைகிறோம்.

தென் கலிபோர்னியாவில் ‘இயேசு இயக்கம்’ என வழங்கிய எழுப்புதலின் சூழலில் உருவான குழு இது. 1976-இல் வெளிவந்த இதன் முதல் இசைத்தட்டு அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் அமைந்தது. ஆனால் குழுவின் தலைவரான டெர்ரி ஸ்காட் டெய்லர் அப்பாணியிலேயே நின்றுவிடவில்லை. 1981-இல் ‘அலார்மா!’ என்னும் தொகுப்புடன், நான்கு பகுதிகள் கொண்ட ஒரு நீண்ட படைப்பைத் தொடங்கினார். தன்னிறைவில் உறங்கும் கிறிஸ்தவத்தை அங்கதத்தால் தட்டியெழுப்புவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அவ்வரிசையில் மூன்றாவது ‘வாக்ஸ் ஹியூமானா’. இதில் சிந்தசைசர் முன்னணிக்கு வருகிறது. கிட்டார் பல இடங்களில் அதற்கு வழிவிடுகிறது.

தலைப்பே இப்படைப்பின் திறவுகோல். இலத்தீன் மொழியில் ‘மானிடக் குரல்’ எனப் பொருள்படும் இத்தொடர், குழாய் ஆர்கனில் மனிதக் குரலைப் போன்று ஒலிக்க முயலும் ஒரு குழல்வரிசையின் பெயரும் ஆகும். மனிதக் குரலை இயந்திரம் பாவனை செய்வது மின்னணுக் காலத்தில் தோன்றிய புதுமையன்று. ஆலயத்தின் உள்ளேயே அது நூற்றாண்டுகளாக நிகழ்ந்து வருகிறது. அவ்வாறாயின், நம் வினா கருவியைப் பற்றியதாக இருத்தல் தகாது. கருவியின் நடுவே மனிதனின் குரல் இன்னும் கேட்கிறதா என்பதே உண்மையான வினா.

இவ்வினாவை இசைத்தட்டு நகைச்சுவையோடு எழுப்புகிறது. எண்பதுகள் பிறந்துவிட்டன, நமக்கு வாக்களிக்கப்பட்ட பறக்கும் கருவிகள் எங்கே எனக் கேட்கும் பாடலில், தொழில்நுட்பம் மனிதனுக்கு அளித்த மீட்பின் வாக்குறுதி நகைப்புக்கு உள்ளாகிறது. வியப்பூட்டும் வகையில் சுருங்கிப்போகும் மனிதனைப் பற்றிய மற்றொரு பாடலின் தலைப்பு, 1957-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தை நினைவூட்டுவது. தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் கற்பனையின் உரிமைக்காக வாதாடிய கவிஞர் வில்லியம் பிளேக்கின் பெயரையே ஒரு பாடல் தாங்கி நிற்பதும் தற்செயலன்று. இறுதிப் பாடலின் தலைப்பு ‘சாங்க்சுவரி’. புகலிடத்தையும் ஆலயத்தின் தூயகத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல் இது. வேடிக்கையும் இரைச்சலும் நிறைந்த உலகின் வழியே சென்ற பயணம், அச்சொல்லில் வந்து அமர்கிறது. இயந்திர யுகத்தை இயந்திரத்தின் மொழியிலேயே விசாரிப்பதுதான் இப்படைப்பின் துணிவு.

குறைகளும் இல்லாமலில்லை. அங்கதத்தின் கூர்மை சில இடங்களில் உள்ளத்தின் நெகிழ்வை மறைத்துவிடுகிறது. அக்காலத்துப் புதுமையாக ஒலித்த சில மின்னணு ஓசைகள் இன்று பழமையாகத் தோன்றுகின்றன. சபையார் கூடிப் பாடுவதற்கான ஞானப்பாடல்களும் இவையல்ல. எனினும், வழிபாட்டிற்கான பாடலை மட்டுமே கிறிஸ்தவ இசை எனக் கொள்வோமாயின், தீர்க்கதரிசிகளின் ஏளனமும் புலம்பலும் வேதாகமத்தில் பெற்றுள்ள இடத்தை நாம் மறந்தவர்களாவோம்.

நம் சபைகளிலும் மின்னணுக் கீபோர்டு இன்று நிலைபெற்றுவிட்டது. அதனை ஏற்பதா, விலக்குவதா என்னும் வாதம் ஓய்ந்துபோனதால், அதைப் பற்றிச் சிந்திக்கும் கடமையும் ஓய்ந்துவிட்டதாக எண்ணலாகாது. பொத்தானை அழுத்தினால் தாளமும் சுருதியும் தாமாகவே எழும் காலத்தில், சபையின் குரல் தாழ்ந்துபோகிறதா என்பதை ஆயர்கள் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். நூற்றைம்பதாம் சங்கீதம் கருவிகள் பலவற்றையும் துதிக்கு அழைத்தபின், மூச்சுடைய உயிர்களிடம் வந்தே நிறைவுறுகிறது. எக்கருவியும் ஆலயத்திற்குள் வரலாம். ஆனால் அந்த மூச்சுக்கு அது இடம் விடவேண்டும். ‘வாக்ஸ் ஹியூமானா’ நமக்கு நினைவூட்டுவது இதுவே.