கானல்வரியும் கோவலன் கூத்தும்

தன் வாழ்வில் நேர்ந்த பிரிவைத் தான் விரும்பும் அரங்கப் பாடலொன்றிலே கண்டு கலங்குதல் சுவைஞர் பலர்க்கும் பொதுவான அனுபவமாகும். பாட்டைப் பாட்டாகக் கேளாது தன் கதையாகக் கேட்பது கலையுணர்வாகாது எனக் கூறி, இதனைத் தாழ்ந்த சுவையென ஒதுக்குவாரும் உளர். அவர் கூற்று எத்துணைப் பொருந்தும் என ஆராய்வதற்கு வன்னி மண் தக்க களமாகும். முல்லைத்தீவுப் பகுதியின் மரபுச் செல்வமாகக் கோவலன் கூத்து விளங்குகின்றது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலும் அக்கதையை ஊரின் கதையாகவே ஆக்கியுள்ளது.

அக்கதையைக் காப்பியமாக்கிய சிலப்பதிகாரத்தில் மேற்காட்டிய கூற்றுக்கு வலுவான சான்று உண்டு. முப்பது காதைகளுள் ஏழாவதாகிய கானல்வரியிலே, புகார்க் கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடுகின்றான். அவன் மனத்தில் வேறொருத்தி உளள் என மாதவி கருதுகின்றாள். தானும் வேறு குறிப்புடையாள் போல எதிர்ப்பாட்டுப் பாடுகின்றாள். அப்பாடலை உண்மையெனக் கொண்டு கோவலன் பிரிந்து போகின்றான். அடுத்த காதையில் அவள் விடுத்த மடலையோ, ஆடல்மகளின் நடிப்பென்று மறுக்கின்றான். பாட்டை வாழ்வெனக் கொண்டவன் வாழ்வை நடிப்பெனக் கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது. அவன் பாட்டிலே தேடியது பிறள் குற்றத்துக்கான சான்றையே. புறஞ்சேரியில் அவளது இரண்டாம் மடலைக் கண்ட பின்னரே, குற்றம் தன்னுடையதென உணர்கின்றான்.

கூத்துக் களரியின் முன் அமர்ந்திருப்போர் கேட்கும் முறை இதனின் வேறானது. கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். கண்ணகி ஒருத்தியின் துயரம் அவ்வாறு பல குரல்களிற் புகுந்து பொதுமை எய்துகின்றது. அன்பின் ஐந்திணையிலே தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியர் விதித்ததும் இப்பொதுமை கருதியே எனலாம். பெயரற்ற இடத்திலே கேட்போர் எவரும் தம் பெயரை வைத்துப் பார்க்கலாம். கூத்திலே கண்ணகி என்னும் பெயர் இருந்தும், பிற்பாட்டு அவ்விடத்தைத் திறந்து வைக்கின்றது.

நந்திக்கடலின் ஒரு கரையில் வற்றாப்பளையும் மறுபுறத்தே முள்ளிவாய்க்காலும் உள்ளன. போரின் இறுதிக் கட்டப் பேரழிவு 2009 இல் அங்கு நிகழ்ந்தது. அம்மண்ணிலே கண்ணகியின் புலம்பலைக் கேட்கும் பெண்ணொருத்தி, மீண்டு வாராத தன் துணைவனை நினையாது கேட்டல் இயலுமோ? அவளருகே காதல் முறிந்த இளைஞன் ஒருவனும் இருக்கக்கூடும். இருவர் இழப்பும் ஒன்றல்ல. அவ்விரண்டையும் சமமென்று கூறுவது அவளுக்கு இழைக்கும் அநீதியாகும். எனினும், கூத்து இருவரையும் ஒரே பாயில் இருத்துகின்றது. தன் துயரத்தை எண்ணிக் கேட்கத் தொடங்கியவன், அருகிருப்பவளின் கண்ணீரையும் காண்கின்றான்.

ஆகவே, பாட்டிலே தன்னைக் காண்பவனைக் குறைகூறுதல் திறனாய்வாகாது. பாட்டு முடிந்த பின்னர் அவன் எவரைப் புதிதாக அறிந்தான் என்று வினவுவதே திறனாய்வாளர் கடன். கோவலன் கானற்சோலையிலிருந்து மாதவியைப் பிரிந்து எழுந்து சென்றான். கூத்துப் பார்த்தவரோ விடியலில் ஊரோடு சேர்ந்தே வீடு திரும்புகின்றனர்.