மாணாக்கர் கட்டுரைகளில் மேற்கோளாட்சி

மேற்கோளைக் கட்டுரைக்கு அணியெனக் கருதுவோர் பலர். சான்றெனக் கருதுவோர் சிலர். உயர் வகுப்பு மாணாக்கரும் பட்டப் பரீட்சைக்குப் பயில்வோரும் எழுதுங் கட்டுரைகளை நோக்கின், முன்னைய கருத்தே அவர்பால் வேரூன்றியிருத்தல் புலனாகும். செய்யுளடிகள் செறிந்து கிடக்கும். அவை எந்நூலில், எப்பாட்டில், யார் கூற்றாக நிற்கின்றன என்பது மட்டுங் காணப்படாது. ‘ஆன்றோர் கூறினர்’ என்னும் ஒரு தொடரே எல்லாவற்றுக்கும் முகவரியாகி விடுகின்றது. அணியாயின் அது போதும், சான்றாயின் போதாது. ஊரும் பேரும் உரையாத சான்றாளனை எம்மன்றமும் ஏற்பதில்லை.

இவ்வழக்கிற்கு அரண் தேடுவோர் பண்டை உரையாசிரியரை எடுத்துக்காட்டுவர். நச்சினார்க்கினியர் போன்றோர் பல இடங்களிற் பிறர் செய்யுளை எடுத்தாண்டும் நூற்பெயர் கூறாது சென்றனர் என்பது உண்மையே. ஆயின், அவர்தம் உரையைக் கேட்டோர் இலக்கியங்களை நெட்டுருச் செய்தவர்கள். அடியின் முதற்சொல் காதில் விழுந்த அளவில் நூல் இன்னதென அவர் உள்ளம் உணர்ந்தது. அக்கல்வி மரபு அருகிய பின்னர் நேர்ந்தது யாது? 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அவ்வுரையிற் காணப்பெற்ற மேற்கோள்களின் இருப்பிடம் அறியமாட்டாது இடர்ப்பட்டார். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடிச் சங்க நூல்களைக் கண்ட பின்னரே அவற்றுட் பலவற்றின் மூலம் துலங்கிற்று. ஒரு பெயரைக் குறியாது விட்டமை, பல நூற்றாண்டுகளின் பின் வந்த அறிஞர் ஒருவரை இத்துணை உழைக்கச் செய்தது.

இதற்கு மறுதலையாக நிற்பது புறத்திரட்டு என்னுந் தொகை நூல். அதனைத் தொகுத்தவர் செய்யுள்களைத் திரட்டியதோடமையாது, அவை எடுக்கப்பட்ட நூல்களின் பெயர்களையுங் குறித்துவைத்தார். முழுமையாகக் கிடையாத முத்தொள்ளாயிரத்தின் வெண்பாக்கள் நூற்றுக்கு மேற்பட்டன இன்று அந்நூலின் பெயரோடு நம் கைக்கு எட்டியது அக்குறிப்பின் பயனே. வளையாபதிச் செய்யுள்கள் பலவும் அவ்வாறே எஞ்சின. எனவே, நூற்பெயர் குறித்தல் மேல்நாட்டார் கற்பித்த வெறுஞ் சடங்கன்று. அழியவிருந்த நூலுக்குப் பெயரளித்துக் காத்த தமிழ்ப் பணியும் ஆகும்.

இனி, மேற்கோளின் எல்லை பற்றி நோக்குவாம். தமிழிற் பிறர் கூற்றின் முடிவை ‘என்று’, ‘என’ என்னுஞ் சொற்கள் காட்டும். அதன் தொடக்கத்தைக் காட்டுஞ் சொல் இல்லை. அதனால், குறியிடாத கட்டுரையில் மாணாக்கன் சொல் எங்கே முடிகின்றது, நூலாசிரியன் சொல் எங்கே தொடங்குகின்றது என்பது மயங்கும். மேற்கோட் குறி இம்மயக்கத்தை நீக்குகின்றது. குறிக்குள் நிற்பவை பிறர் உடைமை. அவற்றுள் ஓர் எழுத்தையும் மாற்ற எழுதுவோனுக்கு உரிமையில்லை. இடையிலே சில சொற்களை விடின் புள்ளியிட்டுக் காட்டல் வேண்டும். கருத்தை மட்டும் தன் சொல்லில் தருவதாயின் குறி வேண்டா. ஆசிரியர் பெயர் வேண்டும்.

சொல் பிழையாது நின்றும் பொருள் பிழைத்தல் உண்டு. கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாட்டின் முதலடியை உலக ஒருமைக்குச் சான்றாகக் காட்டாத கட்டுரை அரிது. ஆயின் அப்பாட்டுப் பதின்மூன்று அடிகளையுடையது. பேரியாற்று நீரின்வழிச் செல்லும் புணைபோல உயிர் ஊழின்வழிச் செல்லும் என்று தெளிந்தமையால், பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இல்லை என்பதே அதன் முடிபு. முதலடியின் பரந்த நோக்கு அத்தெளிவோடு சேர்ந்தே நிற்பது. பாட்டெண் குறிக்கும் பழக்கமுடைய மாணாக்கன் நூலை விரித்துப் பார்ப்பான். பார்த்தவன் முடிபையுங் காண்பான்.

எண்ணைக் குறித்தலிலும் விழிப்பு வேண்டும். இன்று பெருவழக்கிலுள்ள குறள் எண் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையைத் தழுவியது. மணக்குடவர் உரையிற் குறள்களின் வரிசை பல அதிகாரங்களில் வேறுபடும். ஆதலின் எவர் உரை, எப்பதிப்பு என்பதையுஞ் சுட்டுதல் நன்று. வழிகாட்டி நூலிலோ கைப்பேசித் திரையிலோ கண்ட அடியை மூலநூலிற் கண்டதாகக் காட்டுதல் வாய்மைக்கு இழுக்கு. மூலம் கிடையாதாயின், இன்னார் நூலிற் கண்டது என்று உள்ளவாறு கூறலே தகும்.

இக்குறைக்கு மாணாக்கரை மட்டும் நொந்து பயனில்லை. மேற்கோளின் தொகையை எண்ணிப் புள்ளி வழங்கும் ஆசிரியர், அணியையே வளர்க்கின்றார், சான்றை வளர்க்கின்றாரல்லர். பத்து அடிகளைப் பெயரின்றி அடுக்கியவனிலும், ஓரடியை இடஞ்சுட்டி எடுத்து அதன் பொருளை ஆராய்ந்தவனே மேலானவன் என்பதை விடைத்தாளிற் காட்டுதல் அவர் கடன். முன்னோர் கூறிய பொருளையேயன்றி அவர்தஞ் சொற்களையும் போற்றல் வேண்டுமென்பது நன்னூலார் கொள்கை. சொல்லைப் போற்றுதலாவது அதனை உரியவர் பெயரோடு, உள்ளவாறே அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தல் என்க.