நிறைகோலும் நினைவும்: வரலாற்றுப் பேராசிரியர் சி. அரசரத்தினத்தை நினைவுகூரும் முறை

முன்னுரை

மறைந்த வள்ளலை எண்ணிப் புலவர் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் பல உள்ளன. இன்று மறைந்த ஆசிரியர்களுக்கு வெளியிடப்படும் நினைவு மலர்களையும் இரங்கற் கட்டுரைகளையும் அம்மரபின் தொடர்ச்சியாகக் கருதலாம். இவற்றுள் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஆசிரியரின் பிறப்பு, கல்வி, பதவிகள், நூற்பட்டியல் ஆகியவை முதலில் வரும். அடுத்து அவர்தம் எளிமையும் அன்பும் புகழப்படும். ஈடுசெய்ய இயலாத இழப்பு என்னும் தொடரோடு கட்டுரை நிறைவுறும். இத்தகைய எழுத்தில் நன்றியுணர்வு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், அவ்வாசிரியர் எதனைக் கற்பித்தார், எம்முறையில் கற்பித்தார் என்று அறிய விழையும் வாசகர் வெறுங்கையோடு திரும்ப நேர்கிறது.

வரலாற்று ஆசிரியர் ஒருவரைப் பற்றி எழுதும்போது இக்குறை மேலும் பெரிதாகிறது. சான்றின்றி எதனையும் ஏற்கலாகாது என்பது வரலாற்றுக் கல்வியின் முதற்பாடம். அப்பாடத்தை வாழ்நாள் முழுவதும் நடத்தியவரைச் சான்றில்லாப் புகழ்மொழிகளால் போற்றுவது அவர் பணிக்கே மாறானது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் (1930-1998) அவர்களின் நூல்களை முன்வைத்து, ஒரு வரலாற்று ஆசிரியரை நினைவுகூரும் முறை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியர் இலக்கணம்

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கினையும் உவமையாகக் கூறுகிறது. நம் நினைவுக் கட்டுரைகள் இவற்றுள் நிலத்தையும் மலரையுமே பெரிதும் நாடுகின்றன. ஆசிரியரின் பொறுமை நிலத்தோடும், அவர்தம் இன்முகம் மலரோடும் ஒப்பிடப்படுகின்றன. நிறைகோல் அவற்றில் அருகியே இடம்பெறுகிறது. ஐயம் நீங்க அளந்து உண்மை காட்டுவதும், எப்பக்கமும் சாயாது நடுநிற்பதும் அக்கோலின் இயல்பு. வரலாற்று ஆசிரியருக்கு நான்கினுள்ளும் இதுவே தலையாயது எனலாம். அவர் முன் வைக்கப்படும் ஒவ்வொரு கூற்றும் எடையிடப்பட வேண்டியது. தம் இனத்தார் கூறியது என்பதனாலோ அயலார் எழுதியது என்பதனாலோ அதன் எடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த அரசரத்தினம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அங்கேயே கற்பித்தவர். 1960களில் கோலாலம்பூருக்கு வந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையிலும் பின்னர் வரலாற்றுத் துறையிலும் பணியாற்றினார். 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திற்குப் பெயர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்குப் பேராசிரியராக விளங்கினார். இம்மூன்று நாட்டு வாழ்க்கையைப் பட்டியலாகக் காண்பதைவிட, அவர் கையாண்ட சான்றுகளோடு இணைத்துக் காண்பதே பயனுடையது.

ஒரே நிறுவனத்தின் ஏடுகள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1641இல் மலாக்காவைப் போர்த்துக்கேசியரிடமிருந்து கைப்பற்றியது. 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அதே கம்பெனியின் வசமாயின. தமிழர் வாழ்ந்தும் வணிகம் செய்தும் வந்த இம்மூன்று துறைமுகங்களும் இவ்வாறு ஒரே நிறுவனத்தின் கணக்கேடுகளுக்குள் வந்தன. எந்தக் கப்பல் எந்நாளில் புறப்பட்டது, அதில் எத்தனை பொதி துணி இருந்தது, எந்த வணிகருக்கு எவ்வளவு முன்பணம் தரப்பட்டது என்பனவெல்லாம் டச்சு மொழியில் பதிவாயின. தமிழரைப் பற்றிய பெருஞ்சான்றுத் தொகுதி ஒன்று தமிழர் படிக்க இயலாத மொழியில், தமிழர் நோக்கிற்கு அயலான நோக்கில் உருவாயிற்று.

இந்த ஏடுகளைத் தமிழர் வரலாற்றுக்குப் பயன்கொள்ளும் வழியைக் காட்டியதே அரசரத்தினத்தின் தனிப்பங்களிப்பு. 1658 முதல் 1687 வரை இலங்கையில் நிலவிய டச்சு அதிகாரத்தைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1958இல் வெளிவந்தது. 1650 முதல் 1740 வரையிலான சோழமண்டலக் கடற்கரை வணிகத்தைப் பற்றிய பெருநூல் 1986இல் வெளியாயிற்று. ஆசியக் கடல் வணிகம் பெரும்பாலும் சிறு வணிகரின் சுமை வணிகமே என்னும் கருத்தை வான் லியூர் போன்றோர் முன்வைத்திருந்தனர். அரசரத்தினம் காட்டும் சோழமண்டல வணிகர் அவ்வரையறைக்குள் அடங்குபவரல்லர். 1680இல் மறைந்த சென்னை வணிகர் காசி வீரண்ணாவைப் போன்றோர் கம்பெனிகளோடு பேரம் பேசும் வலிமை பெற்றிருந்தனர். வணிகர் பலர் பங்கு முதலிட்டுக் கூட்டாக இயங்கியதும் உண்டு.

மலேசிய வாசகருக்கு இன்னொரு செய்தியும் முதன்மையானது. தென்கிழக்காசியாவில் சூலியா முஸ்லிம் வணிகரின் நடவடிக்கைகளை அவர் விரிவாக ஆராய்ந்துள்ளார். பரங்கிப்பேட்டை, நாகூர் முதலிய துறைகளிலிருந்து கெடா, ஆச்சே, மலாக்கா ஆகியவற்றுக்குக் கப்பலோட்டிய வணிகர் அவர்கள். இந்நாட்டுத் தமிழர் வரலாறு இரப்பர்த் தோட்டத்தில் தொடங்குகிறது என்னும் பொதுவான எண்ணத்திற்கு இது தக்க மறுமொழியாகும்.

கதவைத் திறந்த பணி

ஆய்வாளர் ஒருவர் அரிய சான்றுகளைத் தாமே வைத்துக்கொண்டு முடிவுகளை மட்டும் பிறருக்கு வழங்க இயலும். நன்னூல் நல்லாசிரியர் அல்லாதாருக்குக் கூறும் உவமைகளுள் பருத்திக் குண்டிகையும் ஒன்று. திணிக்கவும் அரிதாய், எடுக்கவும் சிறிது சிறிதாகவே தருவது அது. அரசரத்தினம் அதற்கு நேர்மாறானவர் என்பதற்கு அவருடைய பதிப்புப் பணிகள் சான்றாகின்றன. இலங்கை டச்சு ஆளுநர் வான் கொலனெஸ் தமக்குப் பின் வருபவருக்காக எழுதிய அறிக்கையை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிப்பித்தார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த வலன்டைனின் இலங்கை வருணனையை மொழிபெயர்த்துக் குறிப்புகளுடன் 1978இல் வெளியிட்டார்.

டச்சு மொழி அறியாத மாணவரும் மூலத்தைப் படித்துத் தம் ஆசிரியரின் முடிவு சரியா எனச் சோதித்தறிய இவை வழிசெய்தன. தம்மை மறுப்பதற்கான கருவியையே மாணவரின் கையில் ஒப்படைக்கும் செயல் இது. ஒருவரை ஊக்கமூட்டும் ஆசிரியர் என்று நாம் அழைப்பதற்கு இதனினும் உறுதியான காரணம் வேண்டியதில்லை.

இப்பணியின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. தம் ஊரிலேயே சான்றுகளை இழந்த ஒரு சமூகத்திற்கு அயல்நாட்டு ஆவணக் காப்பகங்கள் புதிய முக்கியத்துவம் பெறுகின்றன. அந்த ஊரில் பிறந்த இவ்வறிஞர், விடுதலைக்குப் பிந்திய இலங்கையின் இனச்சிக்கலைப் பற்றி நூல் எழுதியபோதும் ஆய்வாளருக்குரிய மொழியையே கையாண்டார். நிறைகோலின் இயல்பு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் அது.

நிறைகோலை அவர் நூலின்மீது வைத்தல்

மலேசியா, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1970இல் வெளிவந்து, 1979இல் திருத்தப் பதிப்புக் கண்டது. குடியேற்றம், தொழில், அரசியல், சமயம், கல்வி ஆகியவற்றை ஒருங்கே தொகுத்துரைத்த முன்னோடி நூல்களுள் இதுவும் ஒன்று. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்த முறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கங்காணி முறை ஓங்கியது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையைத் தடை செய்தது. இத்தகைய மாற்றங்களின் தொடர்ச்சியை அறிய விரும்பும் மாணவருக்கு அது இன்றும் பயன்படும்.

எனினும் அந்நூலையும் எடையிட வேண்டியுள்ளது. குடியேற்ற ஆட்சியின் அறிக்கைகள் வந்தோரை எண்ணின, ஊதியத்தைக் குறித்தன, இறந்தோரைக் கணக்கிட்டன. எண்ணப்பட்டவர் என்ன எண்ணினார் என்பதை அவை கேட்கவில்லை. அச்சான்றுகளைச் சார்ந்து நிற்கும் வரலாற்றில் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் தொகையாகவே தோன்றுகின்றனர். தனி மனிதராகப் பெயரோடு தோன்றுவோர் தலைவர்களும் வணிகர்களுமே. பால் மரம் வெட்டிய பெண்களின் குரலை அங்குத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சோழமண்டல ஆய்விலும் இதே நிலையைக் காணலாம். நெசவாளரைப் பற்றி அவர் அக்கறையோடு எழுதியிருப்பினும், முன்பணம் பெற்றபோதும் துணி தரத் தவறியபோதும் ஊரைவிட்டு ஓடியபோதும் மட்டுமே நெசவாளர் கம்பெனி ஏட்டில் இடம்பெறுகிறார். அவர் தறியில் அமைதியாக அமர்ந்திருந்த நாள்கள் பதிவாகவில்லை.

இதனை அவருடைய குறை என்பதைவிட அவர் விட்டுச்சென்ற வேலை என்பதே பொருந்தும். ஏடு யாரைப் பேசுகிறது, யாரை விடுகிறது எனக் கேட்கும் பழக்கத்தை இத்தகைய ஆய்வுகளே நமக்கு ஏற்படுத்தின. அக்கேள்வியை அவர் நூலின்மீதே எழுப்புவது ஆசிரியரை இழிவுபடுத்துவதாகாது. அவ்வாறு கேட்கத் தயங்கும் மாணவரே பாடத்தைக் கற்கத் தவறியவர்.

வகுப்பறைக்கு உரியது

இது பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. மலேசியாவில் 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயமாக்கப்பட்டது. 2014 முதல் தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாயிற்று. பாடம் கட்டாயமாகும்போது மனப்பாடமும் கூடவே வருவது இயல்பு. ஆண்டுகளும் பெயர்களும் மாணவர் நினைவில் தேர்வு நாள்வரை தங்கும்; சான்றை எடையிடும் திறன் அவ்வாறு வந்து சேர்வதில்லை. அதனை வகுப்பில் கேட்டுக் கேட்டுத்தான் வளர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணத் தேசவழமையைக் கூறலாம். 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார். அது தமிழாக்கம் செய்யப்பட்டு, முதலிமார் 12 பேர் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். இச்சிறு செய்தியிலிருந்து மாணவரிடம் நான்கு வினாக்களை எழுப்பலாம். கேட்டவர் யார்? விடை சொன்னவர் யார்? எதற்காகக் கேட்டார்? யாரிடம் கேட்கவே இல்லை? பெண்களின் சொத்துரிமையைப் பற்றியும் அடிமைகளைப் பற்றியும் விதிகள் கூறும் அத்தொகுப்புக்கு ஒப்புதல் அளித்தவர்களுள் பெண்ணும் இல்லை, அடிமையும் இல்லை. பதின்மூன்று வயது மாணவரும் இதனை எளிதில் கண்டுகொள்வர்.

இதே வினாக்களை நம் நாட்டுச் சான்றுகளுக்கும் எழுப்பலாம். தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு, கோயில் திருவிழாக் கணக்கேடு, தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதங்கள், தோட்டப்புறப் பாடல்கள் ஆகிய யாவும் சான்றுகளே. 1942-43இல் அமைக்கப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரைப் பற்றி முறையான பதிவுகள் மிகக் குறைவு. அவ்வரலாறு பெரும்பகுதி குடும்பங்களின் நினைவிலேயே தங்கியிருந்தது. அந்நினைவைச் சுமந்த தலைமுறையோ பெரிதும் மறைந்துவிட்டது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது பள்ளிப் பதிவேடுகளும் கோயில் ஏடுகளும் இடம் தெரியாமல் போகின்றன. பேராசிரியருக்கு டச்சுக் காப்பகத்தின் கதவு திறந்திருந்தது. இச்சான்றுகளின் கதவு தமிழாசிரியர்களுக்கே எளிதில் திறக்கும். மாணவரின் பாட்டனாரிடம் தமிழில் பேசி, அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வல்லவர் அவர்களே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வரலாற்று ஆசிரியரைப் பற்றிய நினைவுக் கட்டுரைக்கு மூன்று கடமைகள் உள்ளமை புலனாகும். அவர் எச்சான்றுகளை நம் பார்வைக்குக் கொண்டுவந்தார் என்பதை எடுத்துரைப்பது முதலாவது. அச்சான்றுகளை எவ்வினாக்களைக் கொண்டு படிக்கக் கற்பித்தார் என்பதைத் தெளிவாக்குவது இரண்டாவது. அவ்வினாக்கள் அவர் நூலையும் கடந்து எங்குச் செல்கின்றன என்பதைச் சுட்டுவது மூன்றாவது. பிறந்த நாளும் பதவிகளும் விருதுகளும் இம்மூன்றுக்கும் பின்னரே இடம்பெறத் தக்கன.

பள்ளியளவில் பணியாற்றி நூல் எதுவும் எழுதாது மறைந்த வரலாற்று ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். அவர்தம் பாடக் குறிப்பேடுகள், வினாத்தாள்கள், மாணவர் கட்டுரைகளின் ஓரத்தில் எழுதிய திருத்தங்கள் ஆகியவை சேகரிக்கப்பட வேண்டும். மாணவர்கள் தத்தம் நினைவில் தங்கிய பாடம் ஒன்றினை நாளும் வகுப்பும் குறித்து எழுதி வைப்பின், நாளை இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுத முனைவோருக்கு அதுவே முதற்சான்றாகும். இப்பணியை நினைவு மலர்க் குழுக்களும் ஆசிரியர் அமைப்புகளும் மேற்கொள்ளுதல் நன்று.