மிராசு விடைகளும் உழுகுடியின் குரலும்

உழவர் இல்லத்து முடங்கல்களில் மழையும் கடனும் மகள் திருமணமும் ஒருங்கே பேசப்படும். பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகியன அடங்கிய செங்கற்பட்டுச் சீமையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேளாண் வாழ்வை அறிய ஆய்வாளர் பெரிதும் நாடுவதோ வேறொரு சான்றாகும். அது 1818இல் வெளிவந்த எல்லீசரின் மிராசு உரிமை விடைகள். அரசு விடுத்த 17 வினாக்களுக்கு விடையாக எழுந்த அந்நூல், காணியாட்சி, உள்குடி, பாயகாரி முதலிய சொற்களைத் தெளிவுறுத்துகிறது. சொற்பொருள் ஆய்வுக்கு அது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், வினா உரிமை பற்றியதாதலின் விடையும் உரிமையுடையாரையே நடுவாகக் கொள்கிறது. பண்ணையாட்கள் அந்நூலில் இல்லாமலில்லை, காணியோடு சேர்த்து எண்ணப்படுவோராக உள்ளனர், பேசுவோராக இல்லை. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அளித்த அறிக்கை, பறையர் குடியினர் தாம் வாழும் மனைக்கும் உரிமையற்றிருந்ததை எடுத்துரைத்தது; தரிசு நிலம் வழங்கும் 1892ஆம் ஆண்டு ஆணைக்கும் வழிகோலியது. அங்கும் பேசுபவர் ஆட்சியரே, உழுதவர் அல்லர்.

ஆகவே இவ்விரண்டையும் ஊர் வாழ்வின் முழு ஓவியமாகக் கொள்ளுதல் பொருந்தாது. மிராசு என்னும் சொல்லுக்குப் பொருள் வரைவோர், அவ்வுரிமையால் நிலமற்றுப் போனாரையும் அப்பொருளுள் அடக்கிக் கூறுதல் வேண்டும். அதுவே நடுநிலை ஆய்வாகும்.