டிஃபால்ட்டர் யார்? சளிக்குப்பியின் அரசியல்

காசநோய்த் திட்டத்தின் காகிதங்களில் நீண்ட காலம் இரண்டு சொற்கள் புழங்கின. ஒன்று ‘சஸ்பெக்ட்’. விடாமல் இருமுகிற எவரும் ‘டி.பி. சஸ்பெக்ட்’. மற்றது ‘டிஃபால்ட்டர்’. மாத்திரை வாங்க வராமல் நின்றுபோனவர். முதல் சொல் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தது, இரண்டாவது வங்கியிலிருந்து. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் கைவிட்டது. 2020-ல் இந்தியத் திட்டத்தின் பெயரிலிருந்த ‘கட்டுப்பாடு’ போய் ‘ஒழிப்பு’ வந்தது. போலீஸ் போய் ராணுவம் வந்த மாதிரி.

சொல் போனாலும் சொல்லாடல் போகவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றதும் படித்தவர் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் இதுதான்: “அவங்க ஒழுங்கா மாத்திரை சாப்பிடறதில்ல சார்.” மயிலாப்பூர் கிளினிக்கிலும் கேட்கலாம், அடையாறு நடைப்பயிற்சிக்காரர்களிடமும் கேட்கலாம். ‘அவங்க’ யார் என்று யாரும் விளக்குவதில்லை, விளக்கத் தேவையுமில்லை.

இந்தியாவின் முதல் தேசிய மருந்து எதிர்ப்பு ஆய்வு 2014 முதல் 2016 வரை நடந்தது. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் கட்டுப்படாத நோய், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களில் 11.60 சதவீதம் பேரிடம் இருந்தது. புதிய நோயாளிகளில் 2.84 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். சிறியதுதான். ஆனால் புதிய நோயாளி என்றால் காசநோய் மாத்திரையை இதற்கு முன் தொடாதவர். அவர் எதை ஒழுங்காகச் சாப்பிடவில்லை? எதிர்ப்புப் பெற்ற கிருமியே காற்றில் அவரிடம் வந்து சேர்ந்தது. அந்தக் கிருமியை வைத்திருந்தவர் மாதக்கணக்கில் தவறான மருந்தைத் தின்றுகொண்டு இருமியபடி இருந்திருப்பார். மருந்து தவறு என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஓர் ஆய்வகம். தவணை தவறியது யார்?

இங்கே நம் சிறுபத்திரிகைக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசநோய் என்றால் நமக்குப் புதுமைப்பித்தன். வறுமையில் செத்த எழுத்தாளன் என்ற தொன்மத்தை அழகாகக் கட்டமைத்து வைத்திருக்கிறோம். சூசன் சொண்டாக் நோயை உருவகமாக்காதே என்று 1978-லேயே எழுதியதை மேற்கோள் காட்டிக்கொண்டே இதைச் செய்கிறோம். புதுமைப்பித்தன் இறந்தது 1948 ஜூன் 30. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை முடிவு அச்சானது அதே வருஷம் அக்டோபரில். அந்தச் சோதனையில் நோயாளிகள் முதலில் தேறினார்கள். பிறகு பலரிடம் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. அதாவது மருந்து எதிர்ப்பு என்பது ஏழையின் ஒழுங்கீனத்தால் பின்னால் வந்த கோளாறு அல்ல. மருந்தோடேயே பிறந்த சமாச்சாரம். கோடிக்கணக்கான கிருமிகளில் சில தற்செயலாகவே ஒரு மருந்துக்குக் கட்டுப்படாதவை. ஒற்றை மருந்து கொடுத்தால் மற்றவை செத்து, அவை மட்டும் பெருகும். பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது இதனால்தான்.

அதே பிரிட்டிஷ் கவுன்சில் 1956-ல் சென்னைக்கு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து சேத்துப்பட்டில், ஸ்பர்டாங்க் ரோட்டில், ஒரு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்றார். நகரத்து ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தார்கள், பாதிப் பேரை வீட்டிலேயே விட்டார்கள். இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். 1959-ல் வந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. குடிசையில் நெருக்கியடித்துக்கொண்டு, குறைவாகத் தின்று, வேலைக்கும் போனவர்கள் ஏறக்குறைய சானடோரியத்துக்காரர்கள் அளவுக்கே குணமானார்கள்.

இந்தப் பிரதியை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஏழையை மலைக்காற்றிலிருந்தும் கட்டிலிலிருந்தும் விடுவித்த பிரதி இது. லட்சக்கணக்கான பேர் இதனால் பிழைத்தார்கள். இதை மறுப்பது அயோக்கியத்தனம். ஆனால் அரசுகள் இதை வேறு விதமாக வாசித்தன. சோறு முக்கியமில்லை, வீடு முக்கியமில்லை, மாத்திரை போதும். மாத்திரை போதும் என்றால், குணமாகாதவன் மாத்திரையை விழுங்காதவனாகத்தானே இருக்க வேண்டும்? டிஃபால்ட்டர் பிறந்த இடம் இந்த வாசிப்புதான்.

சேத்துப்பட்டு மையம் மாத்திரை மட்டும் கொடுக்கவில்லை என்பது இந்த வாசிப்பில் காணாமல் போகிறது. அங்கே ஆய்வகம் இருந்தது. முட்டைக் கலவையில் பச்சைச் சாயம் சேர்த்த குப்பிகளில் சளியை விதைத்து, ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்து, கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு எந்த மருந்துக்கு அது சாகிறது என்று சோதித்தார்கள். நகரத்தின் மற்ற டிஸ்பென்சரிகளில் இருந்தது மைக்ராஸ்கோப். அதில் கிருமி இருக்கிறதா என்று தெரியும்; எந்த மருந்துக்கு மசியும் என்று தெரியாது. சேத்துப்பட்டு பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச மேற்பார்வை ஆய்வகங்களில் ஒன்றாகி, மற்ற ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்த்தது. சாதாரண நோயாளிக்கோ, முதல் சிகிச்சை தோற்றால், அதே மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒன்றைச் சேர்த்து எட்டு மாதம் தந்தார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் சிகிச்சையில் ஒற்றை மருந்தைச் சேர்க்கக் கூடாது என்பது இத்துறையின் அரிச்சுவடி. இருந்தும் 2017-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது.

தொண்ணூறுகளில் பெருவின் லிமா நகரச் சேரியில் பால் ஃபார்மரும் தோழர்களும் நோயாளிகளின் மாதிரிகளைப் பாஸ்டனுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஏழை நாடுகளில் இந்த நோய்க்கு வைத்தியம் பார்ப்பது செலவுக்குக் கட்டாது என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். பெருவுக்கு ஆய்வகம் ஒரு கண்டம் தாண்டி இருந்தது. நமக்கு அது ஊருக்குள்ளேயே இருந்தது. இந்தியாவின் திட்டத்தில் எதிர்ப்புக் காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கியது 2007-ல், குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும்.

‘டாட்ஸ்’ முறை, அதாவது ஊழியர் கண்முன்னே மாத்திரையை விழுங்க வைப்பது, நம் ஃபூக்கோ வாசகர்களுக்கு லட்டு மாதிரி. கண்காணிப்பு, ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் என்று எழுதித் தள்ளலாம். எழுதியது தப்பில்லை, பாதியில் நிற்கிறது. அதிகாரம் நோயாளியின் தொண்டையை உற்றுப் பார்த்தது. அவன் நுரையீரலிலிருந்த கிருமியைப் பார்க்க அதற்கு அக்கறை இல்லை. பார்க்காமல் விடுவதும் அதிகாரம்தான். இதற்கு நம்மிடம் கோட்பாடு குறைவு. தனியார் பக்கம் இன்னும் மோசம். சந்துக்குச் சந்து லேப், காசநோய்க்கு ரத்தப் பரிசோதனை. நம்பகமற்ற அந்தச் சோதனையை அரசு தடை செய்தது 2012-ல்.

2009-க்குப் பிறகு நிலைமை மாறியது, நிஜமாகவே. எக்ஸ்பாண்ட்-டி.பி. என்ற திட்டம் இந்தியா உட்பட 27 நாடுகளில் ஆய்வகங்களைக் கட்டியது. மரபணுப் பட்டைச் சோதனை வாரங்களை நாட்களாக்கியது. 2010-ல் அங்கீகாரம் பெற்ற ஜீன் எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்கிறது. அதன் தோட்டா ஒன்றின் விலை 2012 முதல் 9.98 டாலர். ஐந்து டாலருக்குத் தா என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் நோயாளிகள் குழுக்களும் வருஷக்கணக்கில் கத்திய பிறகு, 2023 செப்டம்பரில் 7.97 ஆனது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் பேட்டரியிலும் ஓடுகிறது. சின்ன ஊருக்கும் போகிறது. ஆனால் ஆய்வகம் என்பது மிஷின் மட்டுமில்லை. சளிக்குப்பியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள், ஒப்பந்தச் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன், நிற்காத மின்சாரம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. 2025-ல் அமெரிக்கா நிதியை நிறுத்தியபோது பல நாடுகளில் முதலில் நொண்டியவற்றில் ஒன்று மாதிரிகளை எடுத்துச் செல்லும் ஏற்பாடு.

இன்னொன்று. பரவலாக இருக்கிற இந்த மிஷின்கள் பார்ப்பது ரிஃபாம்பிசின் எதிர்ப்பை. ஐசோனியசிட்டுக்கு மட்டும் கட்டுப்படாத கிருமி இவற்றின் கண்ணில் படாது. ஐசோனியசிட் எதிர்ப்போ புதிய நோயாளிகளிலேயே 11 சதவீதம். அதைப் பிடிக்க இரண்டாவது மாதிரி பெரிய ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும்.

சோற்றுக் கணக்கும் திரும்பி வந்திருக்கிறது. 2023-ல் லான்செட்டில் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் தந்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஆய்வில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று அதே சேத்துப்பட்டு மையம்.

தி. நகரில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த தெற்கத்திப் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் படுக்கிற அறை. இருமல் நிற்கவில்லை. மிஷின் சோதனை முடிந்து போனில் சொன்னாள்: “அண்ணே, நல்ல டி.பி.தானாம். மருந்துக்குக் கேக்குமாம்.” இரண்டாவது குப்பியும் கொடுத்திருந்தாள். அந்தப் பதில் வருவதற்குள் கடையில் விஷயம் தெரிந்து கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அறை கடையுடையது, அதனால் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். இங்கே கொடுத்திருந்த முகவரியும் அந்த அறைதான். பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன். நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது.